‘அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுங்கள்’: குடியை நிறுத்தும் பவுடர் பற்றி ஒரு மெடிக்கல் கடைக்காரியின் விமர்சனம்

பொருளின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதியும் பயனில்லை, பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. இந்த மாதம் ஒரு லேபிள், அடுத்த மாதம் இன்னொன்று. வாக்குறுதி மட்டும் மாறுவதே இல்லை: குடியை மறக்க வைக்கும் மூலிகைப் பவுடர், குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம், மணம் கிடையாது, நிறம் கிடையாது, சுவை கிடையாது. முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டியிருப்பார்கள். அப்புறம் லோக்கல் கேபிளில் வந்தது. இப்போது போனைத் திறந்தாலே வருகிறது, அழுதுகொண்டிருந்த பெண் அடுத்த காட்சியில் சிரிக்கும் வீடியோவோடு.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன டவுனில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். டி.ஃபார்ம் படித்துவிட்டு முதலில் வேறொருவர் கடையில் கவுண்டரில் நின்றேன், பிறகு சொந்தமாகத் தொடங்கினேன். இந்தப் பவுடரை நான் விற்பதில்லை. ஆனால் கேட்டு வருபவர்கள் குறையவே இல்லை. அநேகமாக எல்லாருமே பெண்கள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை வாங்குவார்கள். சில்லறையை பர்ஸில் போட்டு மூடியபிறகு, போகிற மாதிரி திரும்பி, குரலைத் தாழ்த்தி, “பாப்பா, குடியை நிப்பாட்டுறதுக்கு என்னமோ பவுடர் இருக்காமே?” என்பார்கள்.

இந்த விமர்சனம், எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு அக்கா கையில் கொண்டுவந்து கொடுத்த டப்பாவைப் பற்றியது. அவர் ஒரு பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறார். கணவர் கொத்தனார். போனில் ஆர்டர் செய்து, கொரியர்காரரிடம் 1,850 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். மகளிர் குழுத் தவணைக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது. டப்பா பாதி தீர்ந்தபிறகுதான் என்னிடம் வந்தார். “இது சரியான மருந்துதானான்னு பாத்துச் சொல்லு” என்று கவுண்டர் மேல் வைத்தார். எழுதட்டுமா என்று கேட்டேன். “ஊரு பேரு போடாம எழுது. இன்னொருத்தி வாங்காம இருந்தாச் சரி” என்றார்.

முதலில் டப்பாவைச் சொல்கிறேன், ஏனென்றால் மருந்தைப் பற்றித் தெரியாதவர்கள்கூட டப்பாவை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

பச்சை நிற பிளாஸ்டிக் டப்பா. மேலே துளசி இலைப் படம், ஒரு குத்துவிளக்கு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்ட ஒருவரின் படம். ‘100% ஆயுர்வேதம்’ என்று பெரிய எழுத்தில். உள்ளே முப்பது சின்ன பாக்கெட்டுகள். இந்த நாட்டில் ஆயுர்வேத மருந்தோ சித்த மருந்தோ விற்க வேண்டுமானால் லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தயாரித்தவரின் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சேர்த்த சரக்குகளின் முழுப் பட்டியல். சாதாரண ஓமத் திராவகப் பாட்டிலில்கூட இதெல்லாம் இருக்கும். இந்த டப்பாவில் மருந்துக்கான உரிம எண் இல்லை. அதற்குப் பதிலாக, உணவுப் பொருள்களுக்குத் தரும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் ஒன்று மட்டும் மூலையில் இருந்தது. ஊறுகாய், மிக்சர் பாக்கெட்டிலெல்லாம் இருக்கும் அதே வகை எண். ஒரு பக்கம் நோயைத் தீர்க்கும் மருந்து என்று விற்கிறார்கள், இன்னொரு பக்கம் சட்டத்துக்கு இது உணவு என்று காட்டுகிறார்கள். சேர்மானப் பட்டியலில் இருந்தது ‘அரிய வகை மூலிகைகள்’ என்ற மூன்றே சொற்கள். முகவரி கிடையாது. ஒரு செல்போன் எண் மட்டும்.

ஒரு பாக்கெட்டைப் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். இளமஞ்சள் கலந்த மாவு, நடுவில் அதைவிட வெண்மையான நைசான துகள்கள். இரண்டு வெவ்வேறு பொருள்களைக் கலந்தது என்று கண்ணுக்கே தெரிகிறது. தண்ணீரில் போட்டால் மஞ்சள் பகுதி மேலே மிதக்கிறது, வெள்ளை அடியில் தங்குகிறது. இலேசான கசப்பு வாடை. நிறம் இல்லை, மணம் இல்லை என்ற பேச்செல்லாம் பொய். அந்த வெள்ளைத் துகள் என்ன என்பதை ஆய்வுக்கூடத்தில்தான் சொல்ல முடியும்.

அக்காவின் போனிலிருந்தே அந்த எண்ணுக்கு, ஸ்பீக்கரில் போட்டு, இருவருமாகப் பேசினோம். எடுத்தவர் இளைஞர், நல்ல தமிழ்.

“வணக்கம் மேடம், யாருக்குப் பிரச்சனை? அப்பாவுக்கா, வீட்டுக்காரருக்கா?”

வீட்டுக்காரருக்கு என்றோம். தினமும் எவ்வளவு குடிப்பார் என்று கேட்டார். இரண்டு குவார்ட்டர், கூலி கிடைக்கிற நாளில் மூன்று என்றார் அக்கா.

“அப்ப அவருக்கு ஸ்ட்ராங் கோர்ஸ் வேணும் மேடம். மூணு மாசத்துக்கு நாலாயிரத்து ஐநூறு. இன்னைக்கு புக் பண்ணா மூவாயிரத்து தொள்ளாயிரம்.”

அவருக்கு சர்க்கரை இருக்கிறது, பிரஷர் மாத்திரை போடுகிறார், கலந்து கொடுக்கலாமா என்று நான் கேட்டேன். “எல்லாமே மூலிகை மேடம், பச்சைக் குழந்தைக்கே கொடுக்கலாம்.” என்ன மூலிகை? “அது கம்பெனி ஃபார்முலா மேடம்.” மருந்து உரிம எண் சொல்லுங்கள் என்றதும் சீனியர் டாக்டர் கூப்பிடுவார் என்று வைத்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை.

அந்தப் பேச்சில் அவர் கேட்காமல் விட்டவைதான் என் மனதை உறுத்துகின்றன. வலிப்பு வந்திருக்கிறதா, ரத்த வாந்தி எடுத்தாரா, மஞ்சள் காமாலை உண்டா, காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, நெஞ்சு வலி உண்டா. குடிநோய்க்கு மருந்து கொடுக்கிற எந்த டாக்டரும் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்கிற கேள்விகள் இவை. ஒன்றுகூட வரவில்லை. இரண்டு குவார்ட்டர் என்பது அவருக்கு விலையைக் கணக்குப் போட மட்டும் உதவியது. நம் டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. இரண்டு குவார்ட்டர் என்றால் தினமும் 120 கிராம், அதுவும் வருஷக்கணக்காக. அப்படிப்பட்ட உடம்பில் கை வைக்கிறவர் அடிப்படைக் கேள்வியாவது கேட்க வேண்டாமா?

சரி, உள்ளே என்னதான் இருக்கும்? இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, வெறும் மாவு. அப்படியானால் 1,850 ரூபாய் போனதோடு சரி என்று நினைக்கலாம். மாவாக இருந்தாலும் கெடுதல் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டாவது வாய்ப்புதான் பயங்கரமானது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைப் பொடித்துச் சேர்த்திருக்கலாம். இந்த டப்பாவில் சேர்த்திருக்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. சேர்க்கவில்லை என்று நம்புவதற்கும் அதில் ஒன்றும் இல்லை.

டைசல்ஃபிராம் புதிய மருந்தில்லை. 1940களின் கடைசியில் டென்மார்க்கில் அதன் குணம் தெரியவந்தது. நாம் குடிக்கும் ஆல்கஹாலை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றும், அப்புறம் அதையும் உடைத்துவிடும். இரண்டாவது வேலையைச் செய்யும் நொதியை டைசல்ஃபிராம் கட்டிப்போட்டுவிடும். மாத்திரை போட்டவர் ஒரு மடக்குக் குடித்தாலும் நச்சு உடம்பில் தேங்கும். முகம் சிவக்கும், தலை பிளக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், பிரஷர் இறங்கும். அளவு கூடினாலோ இருதய நோய் இருந்தாலோ உயிர் போகலாம். நிறுத்தியபிறகும் அதன் வேலை இரண்டு வாரம் வரை உடம்பில் இருக்கும்.

இது நல்ல மருந்துதான், நானே கொடுக்கிறேன். ஆனால் டாக்டர் சீட்டுக்குத்தான் கொடுப்பேன், சாப்பிடுபவருக்கு எல்லாம் தெரிந்திருந்தால்தான் கொடுப்பேன். கடைசியாகக் குடித்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். இருதயம், ஈரல் எல்லாம் பார்த்திருக்க வேண்டும். பிராந்தி மட்டுமில்லாமல் ஆல்கஹால் கலந்த இருமல் சிரப், நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் தசமூலாரிஷ்டம், அசோகாரிஷ்டம் எதுவும் தொடக் கூடாது. அரிஷ்டம் என்றாலே நொதித்து எடுப்பது, அதில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு. வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுபவருக்கு அதன் அளவு ரத்தத்தில் ஏறும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலோடு சேர்ந்தால் புத்தி தடுமாறும். இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், தான் சாப்பிடுவதே தெரியாத மனிதர் இதில் எதைத் தவிர்ப்பார்? சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வழக்கம்போலக் கடைக்குப் போவார். கடை மதியம் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை திறந்துதான் இருக்கும்.

இப்போது அந்த வீட்டில் நடந்தது.

அக்கா காலையில் கம்மங்கூழிலும் ராத்திரி குழம்பிலும் கலந்திருக்கிறார். முதல் வாரம் அவர் கணவர் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். ஒரு நாள் கடைக்கே போகவில்லை. அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். மாரியம்மன் கோயிலில் போய்த் தேங்காய் உடைத்தார். பக்கத்துத் தெருவில் இன்னொரு பெண்ணுக்கும் அந்த நம்பரைக் கொடுத்தார். அடுத்த வாரம் மோரிலும் கலந்த ஒரு மத்தியானம், டம்ளரின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கணவர் பார்த்துவிட்டார். அரிசி டப்பாவுக்குள் தேடி பாக்கெட்டுகளையும் எடுத்துவிட்டார்.

அடி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அக்கா சொன்னது வேறு. அன்றிலிருந்து அவர் வீட்டில் சாப்பிடுவதில்லை. எப்போதாவது உட்கார்ந்தால், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூப்பிட்டுத் தன் தட்டிலிருந்து முதல் வாய் அவளைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இவர் கை வைப்பாராம். “அந்தப் புள்ள அழுதுக்கிட்டே சாப்பிடும்” என்று சொல்லும்போதுதான் அக்கா உடைந்துபோனார். பாக்கெட்டில் இருந்தது வெறும் மாவாகவே இருக்கட்டும். இந்தக் கெடுதல் நடந்தே தீரும்.

அதிகம் குடிப்பவர்களுக்கு இயல்பாகவே சந்தேகம் வளரும். மனைவி மேல் சந்தேகம், சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகம். மனநல மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பது இது. அப்படிப்பட்டவர் தட்டில் நிஜமாகவே ஒரு பொடியைக் கலந்து, அதை அவர் கண்டும்பிடித்துவிட்டால் என்ன ஆகும்? குடிநோயிலிருந்து வெளியே வருவதற்கு வீட்டில் ஒருவர் மேலாவது நம்பிக்கை வேண்டும். மாத்திரையை எடுத்துக் கொடுக்க, ஆஸ்பத்திரிக்குக் கூட வர, இன்றைக்கு ஆசை தாங்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல. பவுடர் முதலில் தின்பது அந்த நம்பிக்கையைத்தான்.

அவர் வெளியில் சாப்பிட ஆரம்பித்தார், சம்பளம் மொத்தமும் வெளியிலேயே போனது. கடை திறக்கும் முன்பே எங்கோ கூடுதல் விலைக்கு வாங்கிக் காலையிலேயே குடித்தார். பிறகு கையில் காசில்லாமல் ஒரு நாள் குடிக்க முடியாமல் போனது. மறுநாள் வேலை செய்த இடத்தில் வலிப்பு வந்து விழுந்தார். சாரத்தின் மேல் இல்லாமல் தரையில் நின்றிருந்ததால் பிழைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விளம்பரம் எல்லாமே ‘உடனடியாக நிறுத்தும்’ என்பதைத்தான் பெருமையாகச் சொல்கின்றன. தினமும் இப்படிக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து. மூளை பல வருஷமாக ஆல்கஹாலின் அழுத்தத்துக்கு எதிராகத் தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கும். அழுத்தம் சட்டென்று விலகினால் அந்த முறுக்கு வெடிக்கும். நிறுத்திய ஆறு, எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், செத்துப்போன அம்மா வாசலில் நிற்பதாகச் சொல்வார்கள், நேரம், இடம் தெரியாது, காய்ச்சல் அடிக்கும். எங்கள் பக்கத்தில் இதைக் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும். ‘குடியை விட்டதும் செத்துட்டான், அதுக்குக் குடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்’ என்று எழவு வீட்டில் பேசுவார்களே, அந்தச் சாவுகளில் பலவற்றுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. குளோர்டயசெப்பாக்சைடு, ஈரல் கெட்டிருந்தால் லோராசெப்பாம், இவற்றை முதலில் தேவையான அளவு கொடுத்து, நாள்தோறும் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள். கூடவே பி1 வைட்டமின், அதாவது தயமின், ஊசியாக. குடிப்பவர் உடம்பில் அது காய்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் ‘தெம்புக்கு’ என்று குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம், நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம். அதனால் குடிப்பவரை எந்த கிளினிக்குக்குக் கொண்டுபோனாலும், அவர் குடிப்பவர் என்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். மானம் போகும் என்று மறைப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்ச் சொல்கிறேன்.

அக்காவின் கணவரை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். “வேற என்ன மருந்து சாப்பிட்டாரு?” என்று டாக்டர் கேட்டிருக்கிறார். பவுடரைச் சொன்னார்கள். பவுடரில் என்ன என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

என் கடையிலிருந்து இதைப் பார்க்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது. மேலே சொன்ன குளோர்டயசெப்பாக்சைடு, தூக்க மாத்திரை அல்ப்ரஸோலம், வலி மாத்திரை டிராமடால் போன்றவை, கட்டுப்பாடு அதிகமான எச்1 பட்டியலில் உள்ள மருந்துகள். 2014 மார்ச்சிலிருந்து அவற்றுக்குத் தனிப் பதிவேடு. எழுதிய டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அது நியாயமான சட்டம், நான் மனமார ஆதரிக்கிறேன். வலி மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் போதைக்காகத் தேடி வரும் பையன்களை நான் நேரில் பார்க்கிறேன். மீசை முளைக்காத முகம், கையில் தேதி திருத்திய சீட்டு. திருப்பி அனுப்பினால் ராத்திரி ஷட்டரில் கல் விழுந்ததும் உண்டு. இத்தனை கட்டுக்காவலும் ஒரு பக்கம் இருக்க, என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒரு பொடி, கொரியரில் வீட்டு வாசலுக்கு வந்து, ஒருவர் தட்டில் அவருக்கே தெரியாமல் விழுகிறது. இதற்கு ஒரு பதிவேடும் இல்லை.

ஆனாலும் வாங்குகிற பெண்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மத்திய சமூக நீதி அமைச்சகம் எய்ம்ஸ் மூலம் எடுத்து 2019ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஆல்கஹாலால் வந்த பிரச்சனைக்கு உதவி தேவைப்படுவோர் நாட்டில் 5.7 கோடிப் பேர் என்று வந்தது. குடிக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னவர்கள் 38 பேரில் ஒருவர். மீதி 37 பேரின் வீட்டுப் பெண்களும் சும்மா இருப்பார்களா? கோயிலில் கயிறு கட்டுகிறார்கள், சாமியிடம் சத்தியம் வாங்குகிறார்கள், பவுடர் வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை அரசின் கையில் இருக்கிறது. கடை எங்கே என்று யாரும் யாருக்கும் வழி சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சை எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் என் கவுண்டரில் வந்து ரகசியமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. பவுடர் விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் விற்பது மருந்து என்பதைவிட, கணவனிடம் பேசாமலேயே காரியம் முடியும் என்ற ஆறுதல். பேசினால் அடி விழும் வீடுகளில் அந்த ஆறுதலுக்கு 1,850 ரூபாய் அதிகமாகத் தெரியாது.

அதனால், வாங்காதே என்று சொல்வதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. பதிலுக்கு என்ன இருக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. குடிநோய்க்கு அங்கேதான் போக வேண்டும். பைத்தியக்காரப் பட்டம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், வெளிநோயாளர் வரிசையில் தலைவலிக்காரரும் தூக்கம் வராதவரும் நம்மோடுதான் நிற்பார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் மனநல மருத்துவர் வருகிறார், கிழமையை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். 2025ல் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளிலேயே திறந்திருக்கிறது. சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய அறக்கட்டளை நடத்துவது. நோயாளிக்குப் போலவே குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு என்று நடத்திக் காட்டிய இடம். போன் வழியாக முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14446, போதை மீட்புக்கான தேசிய உதவி எண், கட்டணம் கிடையாது. மனநல உதவிக்கு 14416. தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையின் 104லும் வழி சொல்வார்கள்.

தனியார் ‘மறுவாழ்வு இல்லம்’ என்றால் உள்ளே விடுமுன் மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், டாக்டர் தினமும் வருகிறாரா என்று பாருங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. பத்து பேர் வந்து வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவோம் என்று சொல்லும் இடம் வேண்டவே வேண்டாம்.

மாத்திரையிலும் டைசல்ஃபிராம் ஒன்றுதான் என்றில்லை. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன் இருக்கிறது, அதற்கு ஈரல் பரிசோதனை வேண்டும். அகாம்ப்ரோசேட் இருக்கிறது, அதற்குச் சிறுநீரகம் பார்க்க வேண்டும். இவற்றில் எதையும் ஒளித்துக் கொடுக்கத் தேவையே இல்லை. அப்புறம் ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள். 1935ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது, இங்கே தமிழிலேயே நடக்கிறது, சர்ச் ஹாலிலும் பள்ளி வகுப்பறையிலும். காசு கிடையாது. குடியை விட்டவர்கள், விட முயல்பவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். குடும்பத்தினருக்கு அல்-அனான் தனியாக உண்டு. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். கவுண்டரில் குரல் தாழ்த்திக் கேட்கிற ஒவ்வொரு பெண்ணிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அக்காவின் கணவர் இப்போது என்ன ஆனார் என்று கேட்பீர்கள். வார்டிலிருந்து நேராக மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் அவரிடமே உட்கார்ந்து, இது என்ன மாத்திரை, எதற்கு, என்ன செய்யும் என்று சொல்லியிருக்கிறார். நால்ட்ரெக்சோன் சாப்பிடுகிறார். நடுவில் தீபாவளிக்குக் குடித்தார், திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனார். இது அப்படித்தான், சர்க்கரை ஏறி இறங்குவதைப்போல ஏறி இறங்கும் நோய், ஒரு தடவை தவறியதால் எல்லாம் போய்விடவில்லை. மாத்திரை வாங்க அவரே கடைக்கு வருகிறார். அட்டையின் தேதியைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். சாப்பாட்டு விஷயம் மட்டும் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. சட்டியிலிருந்து தானே போட்டுக்கொள்வாராம், அக்கா பரிமாறினால் கை வைக்கத் தயங்குவாராம். மகளை முன்னால் சாப்பிடச் சொல்வது நின்றுவிட்டது.

மதிப்பெண் என்று ஒன்று போட்டாக வேண்டுமானால் இந்தப் பவுடருக்குப் பூஜ்யம். ‘கொஞ்சம் வேலை செய்தது’ என்று கீழே யாராவது எழுதினால், என்ன வேலை செய்தது என்று திருப்பிக் கேளுங்கள். வாந்தி வருவது குணமாவதற்கு அடையாளம் இல்லை.

உங்கள் வீட்டில் இப்போது இந்த மாதிரி டப்பா இருந்தால், இன்றே கலப்பதை நிறுத்துங்கள். அவர் தினமும் குடிப்பவராக இருந்தால், வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, நெஞ்சு அடைக்கிறது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள், பவுடர் கொடுத்ததை மறைக்காதீர்கள். டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம், மீதிப் பாக்கெட்டோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். கொரியர் ரசீதையும் பணம் கட்டிய மெசேஜையும் வைத்திருங்கள். உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம், நுகர்வோர் உதவி எண் 1915லும் பதியலாம். அக்காவின் டப்பாவோடு நான் எழுதிய புகார் அந்த அலுவலகத்தில் இருக்கிறது. இதே மாதிரி டப்பாக்கள் வேறு ஊர்களிலிருந்தும் போய்ச் சேர்ந்தால், அந்த வெள்ளைத் துகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க எங்களுக்கு இன்னும் பலமாக இருக்கும்.